பரண் மேல் கிடக்கும் மடிக்கணினி

பதிவு கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

சில மாதங்களாக எனக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "டீச்சர், விண்டோஸ் 10 நின்னு போச்சாம். புது லேப்டாப் வாங்கணுமாம். எது வாங்கலாம்?" 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது உண்மைதான். விண்டோஸ் 11 போடலாம் என்றால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், பிராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். 2016-ல் வாங்கிய என் டெஸ்க்டாப் அந்தப் பட்டியலில் இல்லை. கணினியில் ஒரு பழுதும் கிடையாது. வண்டி நன்றாக ஓடுகிறது, இனி இதற்கு எஃப்.சி. கொடுக்க மாட்டோம் என்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் புதிது வாங்கவில்லை. அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொண்டேன். என் பென்ஷனுக்கு இது மிச்சம் என்பது ஒரு பக்கம். மாற்றிய பிறகு எனக்குக் கிடைத்த வேறு சில விஷயங்களைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. குறிப்பாக, பிள்ளைகளுக்காகக் கடன் வாங்கி லேப்டாப் எடுக்க இருப்பவர்கள் கடைக்குப் போவதற்கு முன் இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். டீச்சர் புத்தி எங்கே போகும்! நம் ஊரில் 'இலவசம்' என்றால் தெரியும். 2011-ல் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தபோது அரசாங்கம் அதை 'விலையில்லா மடிக்கணினி' என்றது. மூன்றாவதாக ஒரு சொல் இருக்கிறது: 'கட்டற்ற மென்பொருள்'. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு, அது காசில்லாததா, விடுதலையானதா என்று அவர்கள் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் இந்த இயக்கத்தை அறிவித்தார். மென்பொருளை யாரும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்கலாம், மாற்றலாம், நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் அடிப்படை. 1991-ல் பின்லாந்தில் 21 வயதுக் கல்லூரி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது லினக்ஸ். இரண்டும் சேர்ந்து இன்று உலகத்து சர்வர்களில் பெரும்பகுதியை ஓட்டுகின்றன. உங்கள் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ்தான் இருக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

பென்னாகரம் பக்கத்து கிராமத்தில் வாக்கப்பட்டிருக்கும் என் மாணவி ஒருத்தி தை மாதம் வீட்டுக்கு வந்தாள். 2008-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு முடித்தவள். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். பெண்ணுக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. "கம்ப்யூட்டர் இல்லாம கிளாஸ்ல பின்தங்குறா டீச்சர். குழுவுல 40,000 லோன் கேட்டிருக்கேன். எந்த லேப்டாப் வாங்கட்டுங்க?" என்றாள். உன்னிடம்தான் அரசாங்கம் கொடுத்தது இருக்குமே என்றேன். பன்னிரண்டாம் வகுப்பில், 2012-ல், முதல் சுற்றிலேயே வாங்கியவள் அவள். "அது செத்துப்போச்சுங்க டீச்சர். கடையில காட்டினேன். பழைய இரும்புக்குப் போடு, 800 ரூபா தர்றேன்னாங்க."

போடவில்லைதானே என்று கேட்டேன். போடவில்லை. பரணில் கிடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பழைய துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், கூடவே பெண்ணும்.

பேட்டரி போய்விட்டது, ஆனால் சார்ஜரில் போட்டால் உயிர் வந்தது. கருப்புத் திரையில் இரண்டு வரி. ஒன்று விண்டோஸ். மற்றொன்று பாஸ். விண்டோஸை அழுத்தினால் பாதியில் நின்று நீலத் திரை. "அந்த இன்னொண்ணு என்னம்மா?" என்று கேட்டேன். "தெரியலைங்க டீச்சர். அதை அமுக்க வேண்டாம்னு அப்பவே எல்லாரும் சொன்னாங்க."

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் வைத்து உருவாக்கியது. 2007-ல் முதலில் வெளிவந்தது. டெபியன் என்ற லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தது, தமிழ் உட்பட நம் மொழிகளுக்காகவே செய்தது. பள்ளிகளுக்கென்று எடுபாஸ் என்று தனியாக ஒன்றும் உண்டு. நம் தமிழ்நாட்டு எல்காட் நிறுவனமும் 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. அதாவது லினக்ஸ் நம் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டது. அந்த இரண்டாவது வரியை அழுத்தச் சொல்லித் தருவதற்குத்தான் ஆளில்லை. லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். அதில் தமிழ் பேசும் பாதியை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள்? எனக்கு இதில் வருத்தம் உண்டு. பிள்ளைகள் மேல் இல்லை.

அந்தப் பழைய பாஸை இப்போது வைத்துக்கொண்டு பயனில்லை, அதற்குப் புதுப்பிப்பு வராது. என்னிடம் மின்ட் ஏற்றிய பென்டிரைவ் இருந்தது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி இது: கணினியில் எதையும் தொடாமல், அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். துணிக்கடையில் போட்டுப் பார்த்துவிட்டு எடுப்பது போல. ஓட்டினேன். மெதுவாகத்தான் வந்தது, 2 ஜிபி ராம் தானே. ஆனால் வந்தது. ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். விண்டோஸ்தான் கெட்டிருந்ததே தவிர, உள்ளே இருந்த கோப்புகள் அப்படியே இருந்தன.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "டீச்சர், அந்த போட்டோஸ்னு இருக்கறதைத் தொறங்க" என்றாள். குரல் மாறியிருந்தது. திறந்தேன். மடிக்கணினி வாங்கி வந்த அன்று அதன் கேமராவிலேயே எடுத்த படங்கள் பத்துப் பன்னிரண்டு. அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் அப்பா. சட்டை போடாமல், தோளில் துண்டோடு, கேமரா எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வேறெங்கோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவர் 2017-ல் காலமாகிவிட்டார். வீட்டில் மாட்டியிருப்பது வாக்காளர் அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது என்றாள். சிரித்த மாதிரி அவருக்கு வேறு படம் கிடையாதாம்.

800 ரூபாய்.

படங்களை முதலில் இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்தோம், அவள் போனிலும் ஏற்றினோம். அதன் பிறகுதான் மற்ற வேலை. இதை நீங்களும் மனதில் வையுங்கள். நிறுவும்போது 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவவா' என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் என்றால் பழையது எல்லாம் போய்விடும். அந்தக் கேள்வி வருவதற்கு முன்னாலேயே வேண்டியதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

தருமபுரி பேருந்து நிலையம் பக்கம் பழைய பாகங்கள் விற்கும் கடையில் இன்னொரு 2 ஜிபி ராம் வாங்கிப் பொருத்தினோம். மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்று ஒரு வகை இருக்கிறது, பழைய கணினிக்கு அதுதான் ஏற்றது. 2 ஜிபி ராம் இருந்தால் போதும் என்பார்கள், 4 இருந்தால் நிம்மதி. நிறுவி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் களி கிண்டிக் கீரையும் கடைந்து முடித்தோம்.

இப்போது மென்பொருள் தேடும் விஷயம். விண்டோஸில் நம் ஆட்கள் எப்படி மென்பொருள் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கூகுளில் தேடி, மின்னுகிற பச்சைப் பட்டனை அழுத்துவார்கள். அல்லது தெரிந்த பையனிடம் பென்டிரைவில் 'கிராக்' வாங்குவார்கள். கூடவே வைரஸும் வரும். லினக்ஸில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்று ஒன்று மெனுவிலேயே இருக்கிறது. ரேஷன் கடை மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பொருளுக்கும் விலை இல்லாத ரேஷன் கடை. களஞ்சியம் என்று சொல்லும் சேமிப்பிடத்தில் ஆயிரக்கணக்கான மென்பொருள்களைச் சரிபார்த்து, மின்னணுக் கையொப்பம் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாம் பெயரைத் தேடி 'இன்ஸ்டால்' என்று அழுத்த வேண்டும், அவ்வளவுதான். வழியில் யாராவது மூட்டையை மாற்றியிருந்தால் கையொப்பம் பொருந்தாது, கணினி வாங்க மறுத்துவிடும். ஒரு மென்பொருளுக்குத் துணையாக வேறு என்னென்ன வேண்டுமோ அதையும் அதுவே கொண்டுவந்துவிடும். புளி வாங்க ஒரு நடை, பருப்பு வாங்க ஒரு நடை என்று அலைய வேண்டாம். அப்புறம், மாதம் ஒருமுறை 'அப்டேட்' கொடுத்தால் நாம் போட்டது எல்லாமே ஒன்றாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனம். அதே கடையில் ஃப்ளாட்பேக் என்ற இன்னொரு வகையும் தெரியும். அளவில் பெரியது, பழைய கணினிக்குச் சுமை. ஒரே பெயரில் இரண்டும் இருந்தால் முதலில் சாதாரணப் பொதியையே எடுங்கள்.

அந்தப் பெண் குழந்தைக்கு என்னென்ன போட்டோம் என்று சொல்கிறேன். ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட், டக்ஸ்மேத், சூப்பர் டக்ஸ். இந்த 'டக்ஸ்' லினக்ஸின் சின்னமான பென்குயின். 1996-ல் லாரி யூயிங் என்பவர் வரைந்தது. குழந்தைகளுக்கான விளையாட்டில் எங்கு பார்த்தாலும் அந்தக் குண்டுப் பென்குயின்தான் உட்கார்ந்திருக்கும்.

ஜிகாம்ப்ரி பிரான்ஸ் நாட்டில் புரூனோ குதுவான் என்பவர் 2000-ல் தொடங்கியது. பிரெஞ்சில் அந்தப் பெயரை உச்சரித்தால் 'எனக்குப் புரிஞ்சிடுச்சு' என்று அர்த்தம் வருமாம். இரண்டு வயது முதல் பத்து வயது வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள். மவுஸ் பிடிக்கப் பழகுவது, தராசில் எடை போடுவது, கடிகாரம் பார்ப்பது, சதுரங்கம். தராசு விளையாட்டைப் பார்த்தபோது நான் தேங்காய்ச் சிரட்டையில் தராசு செய்து வகுப்புக்குக் கொண்டுவந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் வரும். அதே பாடம்தான்.

டக்ஸ் பெயின்ட் பில் கெண்ட்ரிக் என்பவர் 2002-ல் சிறு பிள்ளைகளுக்காக எழுதியது. இதைத் தமிழிலேயே ஓட்டலாம். பெரியவர்கள் மென்பொருளில் வருகிற மாதிரி 'எங்கே சேமிக்க, என்ன பெயர்' என்று பிள்ளையைக் குடையாது. பத்திரப்படுத்திய படங்களைச் சின்னப் படமாகக் காட்டும், தொட்டால் திறக்கும். முதல் நாள் அவள் வரைந்தது ஒகேனக்கல் பரிசல். பரிசல் வட்டமாக வரவில்லை என்று அழித்து அழித்து வரைந்தாள். நான் சொல்லித் தரவில்லை. வட்டம் போடும் கருவியை அவளாகவே கண்டுபிடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! அவள் அம்மாவுக்கு நான் டீச்சர் என்பதால் எனக்கு 'பெரிய டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

ஆனால் என்னை அசத்தியது டக்ஸ்மேத். வானத்திலிருந்து வால்நட்சத்திரம் மாதிரி கணக்குகள் விழும். 7 பெருக்கல் 8 என்று ஒன்று இறங்கி வரும். கீழே பென்குயின்களின் பனிவீடுகள். விழுவதற்குள் 56 என்று அடித்தால் அது வானத்திலேயே வெடித்துவிடும். அடிக்காவிட்டால் வீடு போகும். இந்தப் பிள்ளைக்கு 6, 7, 8 வாய்ப்பாடு வராது என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். பள்ளியில் வராது என்று நோட்டில் எழுதியே அனுப்பியிருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் எல்லா வீடும் போயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசவில்லை. நாலாவது ஆட்டத்தில் கவனித்தேன். 7 பெருக்கல் 8 தெரியாதபோது, 7 பெருக்கல் 7 நாற்பத்தொன்பது, கூட ஏழு என்று விரல் மடக்குகிறாள். இது அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பல்லாங்குழி ஆடுகிற பிள்ளை, எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கண்ணாலேயே கணக்குப் போடுமே, அதே புத்திதான். விளக்கு வைக்கிற நேரத்தில் கிளம்பச் சொன்னால் அழுகிறாள், இன்னொரு ஆட்டமாம். முப்பத்தைந்து வருடத்தில் வாய்ப்பாட்டுக்காக ஒரு பிள்ளை அழுது நான் பார்த்திருக்கிறேன். போதவில்லை என்று அழுததை இப்போதுதான் பார்க்கிறேன்.

என் டெஸ்க்டாப்பில் ஸ்டெல்லேரியம் இருக்கிறது. தருமபுரி என்று ஊரைக் கொடுத்துவிட்டால் நம் தலைக்கு மேல் இருக்கும் வானத்தை அப்படியே காட்டும். கார்த்திகை மாதத்துச் சாயங்காலத்தில் கார்த்திகை மீன்கள் கிழக்கே எழுவதைத் திரையில் பார்த்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் நிஜத்தில் பார்க்கலாம். அந்தப் பழைய மடிக்கணினியில் இது திணறும், அதனால் போடவில்லை. எனக்கென்று ஃப்ரோசன் பபுள். அதைப் பற்றி என் மருமகள் உங்களிடம் புகார் சொன்னால் நம்ப வேண்டாம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். டேலி வைத்துக் கணக்கு எழுதுகிறவர்கள், அதை நம்பித் தொழில் நடத்துகிறவர்கள் அவசரப்பட்டு மாறாதீர்கள். ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் என் மாணவன் ஒருவனுக்கு கிம்ப் காட்டினேன். அரை மணி நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு, "போட்டோஷாப் கை பழகிப்போச்சு டீச்சர், விட்ருங்க" என்று எழுந்து போனான். அவன் பிழைப்பு அவனுக்கு. உங்கள் பையன்கள் போனில் ஆடுகிற துப்பாக்கி விளையாட்டு இதில் வராது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஆனால் லினக்ஸ் களஞ்சியத்திலும் சுடுகிற விளையாட்டுகள் உண்டு. ஆகவே பிள்ளையை மட்டும் கடைக்குள் விட்டுவிட்டு நீங்கள் சீரியல் பார்க்கப் போகாதீர்கள். சில பழைய மடிக்கணினிகளில் வைஃபை உடனே வராது. போனை யுஎஸ்பி வயரில் இணைத்து நெட் கொடுத்து, 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிரிண்டர் வாங்குவதாக இருந்தால் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

தமிழ் தட்டச்சு பற்றிப் பலர் கேட்பீர்கள். 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் இருக்கிறது. காசு கட்டி எதுவும் வாங்க வேண்டியதில்லை. இந்தப் பதிவையே அதில்தான் அடிக்கிறேன். லிபர் ஆபிஸின் மெனுக்களைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். இதையெல்லாம் தமிழாக்கியவர்கள் சம்பளம் வாங்காத நம் ஆட்கள், ராத்திரி கண் விழித்துச் செய்தவர்கள். முத்து அண்ணாமலை என்பவர் 'எழில்' என்று தமிழிலேயே நிரல் எழுதும் மொழி ஒன்றைச் செய்து எல்லோருக்கும் திறந்துவிட்டிருக்கிறார். 2012 முதல் வரும் 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ் பாடங்கள் நல்ல தமிழில் இருக்கின்றன. எனக்கு ஆசிரியர் அதுதான். ஆங்கிலம் தெரிந்தால்தான் கணினி என்று நினைத்துக்கொண்டிருக்கும் அம்மாக்கள் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிகள் பல வருடங்களாகவே லினக்ஸில்தான் கணினி படிக்கின்றன. 2017-லிருந்து கைட் என்ற அரசு நிறுவனம் அதைப் பார்த்துக்கொள்கிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. தமிழில் இத்தனை வைத்துக்கொண்டு நாம் ஏன் பாலக்காட்டுப் பக்கம் பார்த்து ஏங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்கள் இதைப் படித்தால், உங்கள் பள்ளிக்கூடத்தில் மூலையில் கிடக்கும் கணினியில் ஒன்றையாவது, தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, இப்படிச் செய்து பாருங்கள்.

அந்த மாணவி லோன் வேண்டாம் என்று குழுவில் எழுதிக் கொடுத்துவிட்டாள். ராம் 450 ரூபாய், சார்ஜர் வயருக்கு 150, பஸ் காசு தனி. இப்போது அவள் குழுவின் வரவு செலவை லிபர் ஆபிஸில் போடப் பழகுகிறாள். பெண் கணக்கில் வீடுகளைக் காப்பாற்றி முடித்த பிறகுதான் அம்மாவுக்குக் கணினி கிடைக்கிறதாம். டெஸ்க்டாப் பின்னணியில் அவள் அப்பா பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணில் அந்த மடிக்கணினி இருந்தால் இறக்குங்கள். பழைய இரும்புக்காரருக்குப் போடுவதற்கு முன் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும், மின்ட் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி இருக்கும். வேறு கணினியில் ரூஃபஸ் என்ற சிறு மென்பொருள் வைத்து அதை பென்டிரைவில் ஏற்றலாம். கணினியை முடுக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் இதில் ஏதாவது ஒன்றை அழுத்தினால் பென்டிரைவிலிருந்து தொடங்கும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொன்று. முடியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கே வாருங்கள். சார்ஜரை மறக்காமல் கொண்டுவர வேண்டும். போன வாரம் ஒருவன் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து சார்ஜர் இல்லாமல் வந்து, சாப்பிட்டுவிட்டு மட்டும் போனான்.